பாறையே பாதிக் கருவி

1960களின் தொடக்கத்தில், கோலார் தங்கவயலில் தரைக்குக் கீழே 2,760 மீட்டர் ஆழத்தில், வானிலிருந்து வரும் துகள்களை எண்ணும் கருவி ஒன்று சுமார் இரண்டு மாதம் இயங்கியது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. அதே கருவியைத் தரையில் வைத்திருந்தால் எண்ணிக்கை கோடிகளைத் தாண்டியிருக்கும். ஒன்றையும் பதிவுசெய்யாத சோதனையைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவது எளிது. மியாக்கே, நரசிம்மம், ரமண மூர்த்தி ஆகிய மூன்று ஆய்வாளர்களும் அப்படி ஒதுக்கவில்லை. வானத்து இரைச்சல் எட்டாத ஓர் இடம் பூமிக்குள் கிடைத்துவிட்டது என்பதே அந்தச் சுழியத்துக்குப் பொருள் என்று புரிந்துகொண்டார்கள். நிலத்தடி நியூட்ரினோ ஆய்வு முழுவதும் இப்படிப்பட்ட சுழியத்தின் மேல்தான் எழுந்து நிற்கிறது. நுட்பமான மின்னணுக் கருவிகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் இந்தத் துறையில் கருவியின் பாதி வேலையைச் செய்வது தலைக்கு மேலே இருக்கும் பாறை. ஆகவே ஆழம் என்பதும் தங்கத்தைப் போல, தண்ணீரைப் போல ஒரு நாட்டின் செல்வம். அதைச் செல்வமாகக் கருதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கோலாரைவிட நல்ல சான்று நமக்கு இல்லை.

முதலில் அந்த இரைச்சல் எது என்று பார்ப்போம். 1912இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி 5 கிலோமீட்டருக்கும் மேல் சென்று, உயரே போகப்போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். அது பூமியிலிருந்து எழவில்லை, வெளியிலிருந்து வருகிறது என்று அதன்மூலம் தெரிந்தது. அண்டக் கதிர்கள் என்று நாம் அழைப்பவற்றில் பெரும்பகுதி புரோட்டான்கள். அவை வளிமண்டலத்தின் மேலடுக்கில் காற்றின் அணுக்கருக்களில் மோதும்போது பையான் என்னும் குறுவாழ்வுத் துகள்கள் பிறக்கின்றன. பையான் சிதையும்போது ஒரு மியூவானும் ஒரு நியூட்ரினோவும் சேர்ந்து வெளிப்படுகின்றன. மியூவானை 1936இல் கார்ல் ஆண்டர்சனும் செத் நெடர்மயரும் கண்டுபிடித்தார்கள். எலெக்ட்ரானைப் போன்ற மின்னூட்டம் கொண்டது, ஆனால் அதைவிட 207 மடங்கு கனமானது. அதன் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்குதான். இவ்வளவு குறைந்த ஆயுளில் ஒளியின் வேகத்தில் பறந்தாலும் 700 மீட்டர்கூடத் தாண்ட முடியாது. ஆனால் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான்கள் தரையை எட்டுகின்றன. வேகமாகப் பறக்கும் துகளுக்கு நேரம் மெதுவாக ஓடும் என்னும் ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாடுதான் காரணம். இப்படி நடக்கும் என்று 1938இலேயே சுட்டிக்காட்டியவர்களில் ஹோமி பாபா ஒருவர். கடல்மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 மியூவான்கள் இறங்குகின்றன. இதைப் படிக்கும்போது உங்கள் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றிரண்டு போய்க்கொண்டிருக்கும்.

நியூட்ரினோ இதற்கு நேர்மாறு. 1930இல் வொல்ஃப்காங் பவுலி அதைக் கணக்குக்காகக் கற்பனை செய்தார். சில அணுக்கருச் சிதைவுகளில் ஆற்றல் கணக்கு இடித்தது. கண்ணுக்குப் படாத ஒரு துகள் மீதி ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது என்றார். அதை உண்மையிலேயே பிடிக்க 26 ஆண்டுகள் ஆயின. 1956இல் அமெரிக்காவின் சவன்னா ரிவர் அணு உலைக்குப் பக்கத்தில் ஃபிரெடெரிக் ரைன்ஸும் கிளைட் கோவனும் அதைப் பதிவுசெய்தார்கள். அரிதானது என்பதால் இவ்வளவு காலம் பிடித்தது என்று நினைக்க வேண்டாம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற அளவில் நம்மைக் கடந்துபோகின்றன. இரவில்கூட நிற்பதில்லை, பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து மேலே போகும். அதற்கு மின்னூட்டம் இல்லை. எந்தப் பொருளோடும் அநேகமாக ஒட்டுறவு இல்லை. கோடானுகோடியில் ஒன்று எங்காவது ஓர் அணுக்கருவில் மோதினால்தான் தடயம் கிடைக்கும். அந்தத் தடயம் என்ன என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. மியூவான் வகை நியூட்ரினோ அணுக்கருவில் மோதினால் அங்கே ஒரு மியூவான் பிறக்கிறது. அந்த மியூவானையும் வானிலிருந்து விழுந்த மியூவானையும் அருகருகே நிறுத்தினால் வேறுபாடு சொல்ல முடியாது. கெட்டிமேளம் முழங்கும் கல்யாண மண்டபத்தில் மூலையில் உட்கார்ந்து ஒரு கொசுவின் ரீங்காரத்தைக் கேட்க முயல்வது போன்றது தரையில் இருந்துகொண்டு நியூட்ரினோவைத் தேடுவது. காதைத் தீட்டிக்கொள்வதால் பலன் இல்லை. மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டும்.

வெளியேறும் வழி கீழே இருக்கிறது. மின்னூட்டம் இருப்பதால் மியூவான் தான் கடக்கும் ஒவ்வோர் அணுவுக்கும் கொஞ்சம் ஆற்றலை இழந்துகொண்டே போகும். பாறையில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 50 கோடி எலெக்ட்ரான் வோல்ட் இழப்பு. ஆகவே தரையைத் தொடும் மியூவான்களில் மிகப் பெரும்பாலானவை சில பத்து மீட்டர்களிலேயே நின்றுபோகும். மிக அதிக ஆற்றல் கொண்ட சிலவே கிலோமீட்டர்க் கணக்கில் ஊடுருவும். இதில் ஆழத்தைப் போலவே அடர்த்தியும் முக்கியம். கோலாரின் பாறை தண்ணீரைவிட மூன்று மடங்கு அடர்த்தியானது. அங்கே 2,300 மீட்டர் கீழே நிற்பவரின் தலைக்கு மேல் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தண்ணீருக்கு நிகரான பாரம் இருக்கிறது. உலகெங்கும் இருக்கும் நிலத்தடி ஆய்வகங்களை ஒப்பிட இந்தத் தண்ணீர்க் கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். தரையில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 1 கோடியே 44 லட்சம் மியூவான்கள் விழும் என்று மேலே சொன்ன கணக்கிலிருந்து பெருக்கிக்கொள்ளலாம். கனடாவின் சட்பரியில், நிக்கல் சுரங்கத்துக்குள் 2 கிலோமீட்டர் ஆழத்தில், அதே பரப்பில் நான்கு நாளைக்கு ஒன்றுதான் வருகிறது. ஐந்து கோடியில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. எந்த மின்னணுவியலாலும் தரமுடியாத வடிகட்டி இது. மின்சாரம் கேட்காது, பழுதாகாது. நியூட்ரினோவையோ அது ஒன்றும் செய்வதில்லை.

கோலாரில் இந்த வேலை ஒரே நாளில் தொடங்கவில்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. வி. ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்திலேயே கருவிகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வெவ்வேறு ஆழங்களில் மியூவான்களை எண்ணினார். பிறகு வந்தவர்கள் இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை எப்படிச் சரிகிறது என்ற வரைபடம் சிறிது சிறிதாக உருவானது. அதன் கடைசிப் புள்ளிதான் தொடக்கத்தில் சொன்ன சுழியம். அந்த வரைபடம் இல்லாமல் நியூட்ரினோ கிடைத்தது என்று ஒருவர் சொன்னால், வானிலிருந்து தப்பித்து வந்த மியூவானாக இருக்கலாமே என்று அடுத்தவர் கேட்பார். வரைபடம் கையில் இருந்ததால் பதில் இருந்தது. 1964-65இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகள் நிறுவப்பட்டன. ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகளை எதிரெதிரே சுவர்போல நிறுத்தி, நடுவே துகளின் பாதையைக் காட்டும் நியான் குழாய்களை அடுக்கினார்கள். கருவி மேலே பார்க்கவில்லை, பக்கவாட்டில் பார்த்தது. அதில்தான் நுட்பம் இருந்தது. மேலிருந்து நேராக வரும் மியூவான் 2.3 கிலோமீட்டர் பாறையைத் தாண்டினால் போதும். சாய்வாக வருவது அதைப்போலப் பல மடங்கு பாறையைத் தாண்ட வேண்டும். கிடைமட்டமாக ஒரு மியூவான் குறுக்கே ஓடினால், அது வானிலிருந்து வந்திருக்க வழியே இல்லை. அருகிலிருக்கும் பாறையில் ஒரு நியூட்ரினோ மோதிப் பிறந்தது அது.

முதலில் கிடைத்தவை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பதிவுகள்தான். அவை போதுமானவையாக இருந்தன. டாடா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றின் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் 1965 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. இதே சமயத்தில் ரைன்ஸின் குழு தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில், 3 கிலோமீட்டருக்கும் கீழே, இதே தேடலில் இருந்தது. அவர்களின் கருவியில் முதல் பதிவு பிப்ரவரியிலேயே கிடைத்தது. கட்டுரை கோலார்க் குழுவினருடையதற்கு இரண்டு வாரம் கழித்து வந்தது. யார் முந்தினார்கள் என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டு குழுக்களும் வானத்து நியூட்ரினோவை முதன்முதலில் கண்டவை என்றே துறையில் மதிக்கப்படுகின்றன. உலகின் இரண்டு மூலைகளில் தனித்தனியே வேலைசெய்த இரண்டு குழுக்களும் தேடிப்போனது ஒரே வகை இடத்தை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இருவருக்கும் தேவைப்பட்டது அன்றைய உலகின் மிக ஆழமான குழிகள். அவற்றைத் தங்கம் தோண்டியவர்கள் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார்கள்.

வெட்டியவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய கோலார்ச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வடஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். கீழே போகப்போகப் பாறை சுடும். மேலிருக்கும் பாரத்தால் பாறை திடீரென்று வெடித்துச் சரியும் விபத்துகள் சாம்பியன் ரீஃபில் அடிக்கடி நடந்தன. பாறைத் தூசி நுரையீரலைத் தின்றது. ஆய்வாளர்கள் ஏறி இறங்கிய கூண்டும், சுவாசித்த காற்றைக் கீழே தள்ளிய விசிறியும், நீரை இறைத்த பம்பும் அந்த உழைப்பின் பேரில் இயங்கியவை. 2,300 மீட்டர் ஆழம் என்று அறிவியல் கட்டுரையில் ஓர் எண் நிற்கிறது. அந்த எண்ணை உண்டாக்க மூன்று நான்கு தலைமுறைகளின் உடல் தேய்ந்திருக்கிறது. ஆழத்தைச் செல்வம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். விலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்ட செல்வம் அது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இன்றைய மின்னணுவியல் நொடியை நூறு கோடிப் பங்காக்கிப் பார்க்கக்கூடியது. தரையிலேயே வைத்து மியூவான்களை வடிகட்டிவிட முடியாதா? சில சமயம் முடியும். ரைன்ஸும் கோவனும் 12 மீட்டர் ஆழத்திலேயே வெற்றி கண்டார்கள். காரணம், அவர்களுடைய நியூட்ரினோக்கள் அணு உலையிலிருந்து வந்தன. உலை ஓடும்போதும் நிற்கும்போதும் எண்ணி, இரண்டையும் கழித்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் 14,000 டன் எடையுள்ள நோவா கருவி இன்று ஏறத்தாழத் தரைமட்டத்திலேயே இயங்குகிறது. அதற்கு நியூட்ரினோக்களை 810 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஃபெர்மி ஆய்வகம் அனுப்புகிறது. அனுப்பும் கற்றை ஒவ்வொரு முறையும் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும். அந்த நேரம் தெரியும் என்பதால் மற்ற நேரத்தில் வருவதையெல்லாம் தள்ளிவிடலாம். சூரியனுக்கும் வளிமண்டலத்துக்கும் வெடிக்கும் விண்மீனுக்கும் இப்படி நேரம் குறித்து அனுப்பும் வழக்கம் இல்லை. அவற்றை நிறுத்தவும் முடியாது. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றை எதிர்பார்த்து நிற்பவருக்கு ஓயாத அமைதி வேண்டும்.

ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேவை வைத்துக் கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். 41 மீட்டர் உயரமும் 39 மீட்டர் விட்டமும் கொண்ட அந்தத் தொட்டியில் 50,000 டன் நீர் இருக்கிறது. நீருக்குள் ஒளியைவிட வேகமாகப் போகும் துகள் வெளியிடும் மங்கலான நீல ஒளியை, சுவர் முழுக்கப் பதித்த 11,000க்கும் மேற்பட்ட ஒளிப்பெருக்கிக் குழாய்கள் பிடிக்கின்றன. 1,000 மீட்டர் மலைக்கு அடியில் இருந்தும் நொடிக்கு இரண்டு மியூவான்கள் அதற்குள் வந்துவிடுகின்றன. ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் லட்சம். அதே நாளில் அதற்குள் பதிவாகும் வளிமண்டல நியூட்ரினோக்கள் பத்துக்குள் அடங்கும். அதே தொட்டியைத் தரையில் வைத்தால் மியூவான்கள் நொடிக்கு இரண்டு லட்சம் ஆகும். தொட்டிக்குள் இருட்டு என்பதே இருக்காது.

ஆனால் இந்தக் கணக்கே என் வாதத்துக்கு எதிராகவும் திரும்பும். சூப்பர் காமியோகாண்டே இருக்கும் காமியோகா கோலாரைவிட ஆழம் குறைந்தது. பெரிய வெற்றிகள் அங்கேதானே கிடைத்தன? உண்மை. ஆழம் பாதிக் கருவிதான். மறுபாதி கருவியின் பருமன். 1980இல் கோலாரில் புரோட்டான் சிதைவைத் தேடும் உலகின் முதல் தனிச் சோதனை தொடங்கியது. 140 டன் இரும்புத் தகடுகளும் அவற்றுக்கிடையே எண்ணிக் குழாய்களும் கொண்டது அது. சில பதிவுகள் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று அந்தக் குழு அறிவித்தது; பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆழம் எவ்வளவு கூடினாலும் நியூட்ரினோக்கள் குறைவதில்லை. அவை உள்ளே மோதிப் போலித் தடயங்களை விட்டுச் செல்லும். அதைப் பிரித்தறிய நிறையப் பதிவுகள் வேண்டும், அதற்கு நிறைய நிறை வேண்டும். 1983இல் காமியோகாவில் 3,000 டன் நீர் அதே தேடலுக்காக நிரப்பப்பட்டது. அங்கும் புரோட்டான் சிதையவில்லை. ஆனால் 1987 பிப்ரவரி 23 அன்று, சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் வெடித்த விண்மீனின் 11 நியூட்ரினோக்கள் 13 நொடிக்குள் அந்தத் தொட்டியில் பதிவாயின. 50,000 டன் தொட்டியோ 1998இல், மேலிருந்து வரும் மியூவான் வகை நியூட்ரினோக்களைவிடப் பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வருபவை ஏறத்தாழப் பாதிதான் என்று காட்டியது. வரும் வழியில் அவை வகை மாறிவிடுகின்றன. வகை மாற வேண்டுமென்றால் அவற்றுக்கு நிறை இருந்தாக வேண்டும். இதற்காகத் தகாக்கி கஜிதாவும், சட்பரியில் சூரிய நியூட்ரினோக்களில் இதையே நிறுவிய ஆர்தர் மெக்டொனால்டும் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கோலாரில் குறைந்தது பருமன்தான். ஆனால் ஆழத்தை யாரும் விட்டுவிடவில்லை என்பதையும் பாருங்கள். பருமனைக் கூட்டியவர்கள் எல்லோரும் கருவியை மலைக்கடியிலோ பனிக்கடியிலோ கடலடியிலோதான் வைத்தார்கள். தென்துருவத்தில் ஐஸ்கியூப் கருவியின் 5,160 உணரிகள் 1,450 மீட்டர் பனிக்குக் கீழே தொடங்குகின்றன. அங்கும் நொடிக்குச் சுமார் 3,000 மியூவான்கள் மேலிருந்து வருவதால், கீழிருந்து வருபவற்றைத் தேட அந்தக் குழு முழுப் பூமியையுமே வடிகட்டியாகப் பயன்படுத்துகிறது.

இதனால் சாதாரண மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மியூவானையே பதிலாகக் காட்டலாம். பாறையில் எவ்வளவு குறைகிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிட்டால், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டு நடுவில் எவ்வளவு பாறை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 2017இல் எகிப்தின் குஃபு பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் இருப்பதை ஒரு கல்லையும் நகர்த்தாமல் கண்டது இப்படித்தான். ஜப்பானில் எரிமலைகளின் உட்புறத்தைப் படம்பிடிக்கிறார்கள். நம் ஊட்டியில், 2,200 மீட்டர் உயரத்தில், டாடா நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் கான்கிரீட் அடுக்குக்குக் கீழே மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை சற்றே குறைந்தது. அந்தக் குறைவிலிருந்து, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். ஓர் இடிமேகத்துக்குள் இவ்வளவு மின்னழுத்தம் அதற்கு முன்பு யாரும் அளந்ததில்லை. பயன்களின் பட்டியலைக் காட்டித்தான் அடிப்படை அறிவியலை நியாயப்படுத்த வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆயினும் இரைச்சல் என்று தள்ளப்பட்ட ஒன்றைப் பொறுமையாக எண்ணினால் அதுவே கருவியாகும் என்பதை இந்தச் சான்றுகள் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில் நியூட்ரினோ என்றால் நினைவுக்கு வருவது தேனி மாவட்டத்தின் பொட்டிபுரம். அங்குள்ள போடி மேற்கு மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை அமைத்து, எல்லாப் பக்கமும் குறைந்தது 1 கிலோமீட்டர் பாறை சூழ, 50,000 டன் காந்தமாக்கப்பட்ட இரும்பை வைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. காந்தப்புலத்தில் மியூவானும் அதன் எதிர்த்துகளும் எதிரெதிர்த் திசையில் வளையும். அதைக் கொண்டு நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் தனித்தனியே எண்ணி, மூன்று நியூட்ரினோ நிறைகளில் எது கனம், எது லேசு என்று அறிவது நோக்கம். எதிர்ப்பு எழுந்தது. அதில் இரண்டு வகை இருந்தன, இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் அந்த விவாதத்தின் பெரிய குறை. கருவி கதிர்வீச்சை உமிழும், நியூட்ரினோ மக்களைத் தாக்கும் என்பது முதல் வகை. இதற்கு அடிப்படையே இல்லை. கருவி எதையும் உமிழ்வதில்லை, வருவதை எண்ணுகிறது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 6,500 கோடி அந்த ஊர்க்காரர்கள் மீதும் நம்மீதும் பாய்ந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது வகை மண்ணைப் பற்றியது. அதைத் தள்ளிவிட முடியாது. லட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்து எடுத்து எங்கே கொட்டுவது, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரோட்டம் என்ன ஆகும், கருவியின் கண்ணாடி அறைகளில் நிரப்பும் வாயுக்கள் புவி வெப்பத்தைக் கூட்டுபவை ஆயிற்றே, கசிவை எப்படித் தடுப்பீர்கள் என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள். பொட்டிபுரத்துக்கு முன்பு இதே திட்டத்துக்குக் கேட்கப்பட்ட நீலகிரியின் சிங்காரா, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருந்ததால் 2009இல் மறுக்கப்பட்டது. பொட்டிபுரத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருப்பதால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று 2018இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2022இல் தமிழ்நாடு அரசு, புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி, அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கிடையில் சீனாவின் ஜூனோ கருவி, 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் ஒளிரும் திரவத்துடன், அதே நிறை வரிசையைத் தேடி 2025 ஆகஸ்டில் தரவெடுக்கத் தொடங்கிவிட்டது. மதுரையில் பொட்டிபுரக் கருவியின் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரி மட்டும் தரையில் நின்று மியூவான்களை எண்ணுகிறது. புதிய ஆழத்தை மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் வெட்டுவதற்கான விலை, அறிவியலை நேசிப்பவர்கள் நினைத்ததைவிட அதிகம் என்பதே என் முடிவு.

விலை கொடுத்தாகிவிட்ட ஆழமோ கையைவிட்டுப் போயிருந்தது. கோலார்ச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பம்புகள் நின்றதும் கீழ்மட்டங்களில் நீர் ஏறியது. பின்னாளில் பொட்டிபுரத்துக்கு வந்த இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்காக ஏழு நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டது 2002இல். இடையில் இருந்தது ஒன்றரை ஆண்டு. நட்டத்தில் ஓடிய சுரங்கத்தை ஆய்வுக்காக மட்டும் திறந்து வைப்பது கட்டுப்படியாகுமா, பாறை வெடிக்கும் அந்த ஆழத்தில் 50,000 டன் இரும்பைக் குறுகலான கூண்டு வழியே இறக்க முடியுமா என்று கேட்கலாம். அந்தப் பெரும் கருவியை அங்கே வைத்திருக்க முடியாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் நிலத்தடி ஆய்வு என்பது ஒரே ஒரு கருவி அன்று. கரும்பொருள் தேடல், மிக அரிய அணுக்கருச் சிதைவுகளின் தேடல் போன்றவற்றுக்குச் சில அறைகள் போதும். அவற்றுக்கு வேண்டியது ஆழம்தான். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கமும் 2002இல் மூடப்பட்டு, அங்கும் பம்புகள் நின்று நீர் ஏறியது. சூரிய நியூட்ரினோக்களை ரேமண்ட் டேவிஸ் முதன்முதலில் எண்ணிய இடம் அது. அதன் உரிமையாளர் சுரங்கத்தை மாநிலத்துக்குக் கொடுத்தார், ஒரு கொடையாளர் 7 கோடி டாலர் தந்தார், நீரை இறைத்தார்கள். இன்று அங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் டூன் என்னும் உலகின் மிகப் பெரிய நியூட்ரினோ சோதனைகளில் ஒன்றுக்கான குகைகள் வெட்டி முடிக்கப்பட்டுவிட்டன.

இப்போது ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் ஒரு சிறிய ஆய்வகம் 2017 முதல் இருக்கிறது. இயங்கும் சுரங்கத்தோடு ஆய்வு ஒத்துப்போகும் என்பதற்கு அது சான்று. கர்நாடகத்தின் ஹட்டி உட்பட ஆழமாகத் தோண்டப்படும் சுரங்கங்கள் இன்னும் நாட்டில் உள்ளன. ஒரு சுரங்கத்தை மூடுவதற்கு முன் அதற்கான திட்டத்தை அரசிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது இப்போது சட்டம். அந்தத் திட்டத்தில் மண்ணை எப்படிச் சீர்செய்வது, தொழிலாளர்களுக்கு என்ன வழி என்று கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்: இந்த ஆழத்தில் எந்த மட்டத்தை ஆய்வுக்காக உலர்வாகவும் பத்திரமாகவும் வைத்திருக்கலாம், அதற்கு ஆண்டுக்கு என்ன செலவாகும்? அந்தப் பதிலை அறிவியல் தொழில்நுட்பத் துறையும் அணுசக்தித் துறையும் பார்த்த பிறகே பம்பை நிறுத்தும் உத்தரவு கையெழுத்தாக வேண்டும். புதிதாக ஒரு மலையையும் குடையாமல் செய்யக்கூடியது இது. மத்திய சுரங்க அமைச்சகம் விதியில் ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும்.